627, 226, 631: பறவைக் காய்ச்சல் வைரஸ் மனித உடலுக்குப் பழகும் வழிகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பால் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு 2024 மார்ச் கடைசியில் கண் சிவந்துபோனது. காய்ச்சல் இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. கண்ணில் எடுத்த மாதிரியைச் சோதித்தபோது எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்தது. அந்த வட்டாரத்து மாடுகளில் அப்போது பரவிக்கொண்டிருந்த வைரஸின் நெருங்கிய உறவு அது. ஆனால் ஒரு வேறுபாடு மட்டும் ஆய்வாளர்களின் கண்ணில் உடனே பட்டது. பிபி2 என்ற புரதத்தின் 627-ஆம் இடத்தில், மாட்டு வைரஸ்களில் குளூட்டமிக் அமிலம் இருக்க, இவரிடம் கிடைத்த வைரஸில் லைசின் இருந்தது. மரபணுவில் ஒரு ஜி போய் ஒரு ஏ வந்திருக்கிறது, அவ்வளவுதான். தொழிலாளி குணமானார், வீட்டில் வேறு யாருக்கும் நோய் வரவில்லை.

ஒற்றை எழுத்து மாறியதற்கு ஏன் அத்தனை பரபரப்பு? பறவை வைரஸ் மனிதனுக்குப் பழகுவதைக் காட்டும் அடையாளங்கள் என்று ஒரு பட்டியல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவருகிறது. அதில் முதலிடம் இந்த 627-க்கு. புதிய நோயாளி ஒருவர் தென்பட்டால் போதும், வைரஸின் மரபணு வரிசையை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, “இதில் இரண்டு இருக்கிறது, இன்னும் ஒன்றுதான் பாக்கி” என்று செய்திகள் வந்துவிடுகின்றன. பட்டியலில் பிழை இல்லை. அதை மீதித் தூரம் காட்டும் மைல்கல் வரிசையாக வாசிப்பதில்தான் பிழை இருக்கிறது. 1997 ஹாங்காங் முதல் 2025 நெவாடா வரை நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது தெரியும்.

முதலில் வைரஸின் உடைமைகள். ஃப்ளூ வைரஸின் மரபுப் பொருள் எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ.; எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 13,500 எழுத்துகள். பிபி2, பிபி1, பிஏ என்ற மூன்று புரதங்கள் கூடிய பாலிமரேஸ் இதை நகலெடுக்கிறது. நகலில் விழும் பிழையைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் வசதி அதற்குக் கிடையாது. ஒரே நோயாளியின் உடலில் உருவாகும் நகல்களோ கோடிக்கணக்கில். ஆகவே ஓர் எழுத்து மாறினால் போதும் என்ற அளவிலான மாற்றம் எங்காவது ஒரு நகலில் தோன்றிக்கொண்டேதான் இருக்கும். தோன்றுவது பெரிதில்லை. தோன்றியது அந்த உடலில் மற்ற நகல்களை முந்த வேண்டும், பிறகு அடுத்த உடலுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டாவது படியில்தான் பெரும்பாலானவை மடிந்துபோகின்றன.

627-ஆம் இடத்தின் முக்கியத்துவத்தை 1993-இல் வெளியிட்டவர் காந்தா சுப்பாராவ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அப்போது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றினார். பறவை வைரஸின் பிபி2 மரபணுவைத் தாங்கிய ஃப்ளூ வைரஸ் பாலூட்டிச் செல்களில் வளரத் திணறியது. அந்த ஓர் அமினோ அமிலம் மாறியதும் வளர்ந்தது. 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 முதன்முறையாக மனிதர்களைத் தாக்கி, 18 பேரில் 6 பேரைக் கொன்றது. நகரத்துக் கோழிகளையெல்லாம், பத்து லட்சத்துக்கும் மேல், கொன்று அதை நிறுத்தினார்கள். அந்த வைரஸ்களில் சில எலிகளைக் கொன்றன, சில கொல்லவில்லை. வேறுபாட்டைத் தேடிய யோஷிஹிரோ கவாவோகாவின் குழு 2001-இல் வந்து நின்றதும் இதே 627-இல்தான். 2003-இல் நெதர்லாந்துக் கோழிப்பண்ணைகளில் எச்7என்7 பரவி 89 பேரைத் தொற்றியது. பெரும்பாலோருக்குக் கண் அழற்சியோடு போயிற்று. கால்நடை மருத்துவர் ஒருவர் மட்டும் இறந்தார். அவரிடம் கிடைத்த வைரஸில் 627-இல் லைசின்.

காரணம் புரிவதற்கு 2016 ஆக வேண்டியிருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வெண்டி பார்க்லேயின் குழு ஏ.என்.பி.32ஏ என்ற புரதத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. இது நம் செல்லின் சொந்தப் புரதம். வைரஸின் பாலிமரேஸ் இதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. பெரும்பாலான பறவைகளில் இந்தப் புரதத்தின் நடுவே 33 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கின்றன, பாலூட்டிகளில் இல்லை. கோழியின் நீண்ட புரதத்துக்குப் பழகிய பாலிமரேஸ் நம்முடைய குட்டைப் புரதத்தோடு ஒத்துப்போவதில்லை. எதிர்மின்னேற்றம் கொண்ட குளூட்டமிக் அமிலம் போய் நேர்மின்னேற்றம் கொண்ட லைசின் வந்தால் அந்தப் பொருத்தமின்மை சரியாகிவிடுகிறது. தீக்கோழியும் ஈமுவும் பறவைகளே ஆனாலும், அவற்றின் புரதத்தில் இந்தக் கூடுதல் துண்டு கிடையாது. பறவை வைரஸ் அவற்றுக்குள் போனாலும் பாலூட்டிக்குள் போனதைப் போலவே 627-இல் மாறத் தொடங்குகிறது. விளக்கம் சரிதான் என்பதற்கு இதைவிட அழகான சான்று கிடைக்காது.

வெப்பமும் ஒரு கணக்கு. வாத்தின் குடல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு. மனித மூக்கு 33 டிகிரி அளவில்தான் இருக்கும். பறவை வைரஸின் பாலிமரேஸ் அந்தக் குளிரில் மந்தமாகிறது. லைசின் இருந்தால் ஓடுகிறது.

ஆனால் இந்தப் பூட்டுக்கு ஒரே சாவி இல்லை. 2009-இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 வைரஸில் 627-இல் பறவைக்குரிய குளூட்டமிக் அமிலமே இருந்தது. பக்கத்தில் 590, 591 ஆகிய இடங்களில் வந்த மாற்றங்கள் அந்த வேலையைச் செய்தன. தென் அமெரிக்கக் கடற்கரையில் 2023-இல் கடற்சிங்கங்களையும் யானைச் சீல்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்ற எச்5என்1-இல் 591-உம் 701-உம் மாறியிருந்தன. 2022 அக்டோபரில் ஸ்பெயினின் கலீசியாவில் மிங்க் பண்ணை ஒன்றைத் தாக்கிய வைரஸில் 271. அமெரிக்க மாடுகளில் 631. பாலூட்டியின் செல்லில் நகலெடுப்பது என்ற சிக்கலை வைரஸ் மீண்டும் மீண்டும், ஒவ்வொரு முறையும் வேறொரு வழியில் தீர்த்திருக்கிறது. இவ்வளவு எளிதாகத் தீரும் சிக்கலை மனிதனுக்கும் வைரஸுக்கும் நடுவே நிற்கும் பெரிய தடையாக என்னால் எண்ண முடியவில்லை.

வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்து மிதந்தன. அதிகம் செத்தவை வரித்தலை வாத்துகள். குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வருகிறதே, அதே இனம். அந்த ஏரி வைரஸில் பறவையிலேயே 627 லைசினாக மாறியிருந்தது. அந்தக் கிளைதான் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா என்று பரவியது. 2006 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் எச்5என்1 கோழிச் சாவுகள் நடந்ததும் அதே அலையில். எகிப்தில் அது கோழிகளிடையே குடியேறி, வீட்டு முற்றத்தில் கோழி வளர்த்த 359 பேரைத் தொற்றியது. 120 பேர் இறந்தார்கள். மிக ஆபத்தானது என்று பேசப்படும் மாற்றத்தைத் தாங்கிய வைரஸ் மூன்று கண்டங்களில் ஆண்டுக்கணக்கில் மனிதர்களின் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது. தொட்டவரைக் கொன்றது, ஆனால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொடர்ந்து பரவவில்லை.

இனி வைரஸின் வெளிப்புறம். ஹீமக்ளூட்டினின் என்ற மேற்பரப்புப் புரதம்தான் செல்லைப் பற்றிக்கொள்கிறது. செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் உள்ள சியாலிக் அமிலம் அதற்குப் பிடி. அந்த அமிலம் அடுத்த சர்க்கரையோடு இரண்டு விதமாக இணையலாம்: ஆல்பா 2,3 பிணைப்பு, ஆல்பா 2,6 பிணைப்பு. வாத்தின் குடலில் முதல் வகை. மனித மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இரண்டாவது வகை. மனித உடலில் முதல் வகை இல்லாமலும் இல்லை. நுரையீரலின் ஆழத்தில் காற்றறைகளிலும், கண்ணின் வெளிப்படலத்திலும் இருக்கிறது. 2006-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டியபோது, புதிர் ஒன்று விடுபட்டது. எச்5என்1 ஏன் கொல்கிறது, ஏன் பரவுவதில்லை என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்: அது நுரையீரலின் அடியில் போய் உட்காருகிறது. மூக்கில் தங்காத வைரஸ் தும்மலில் வெளியேறாது. பால் பண்ணைத் தொழிலாளிகளுக்குக் கண் சிவப்பதும் இதே காரணத்தால்தான்.

முந்தைய கொள்ளைநோய்கள் இந்தப் பிடியை எப்படி மாற்றின என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். 1957, 1968 வைரஸ்களில் 226-ஆம் இடத்தில் குளூட்டமின் போய் லூசினும், 228-இல் கிளைசின் போய் செரீனும் வந்தன. 1918 வைரஸ் வேறு இடங்களில், 190-இலும் 225-இலும் மாறியது. அலாஸ்காவின் உறைநிலத்தில் புதைந்திருந்த உடலிலிருந்தும், பழைய ராணுவ மருத்துவச் சேகரிப்புகளிலிருந்தும் மரபணுத் துணுக்குகளை எடுத்து 1918 வைரஸை 2005-இல் மீட்டுருவாக்கினார்கள். அந்த வைரஸின் ஹீமக்ளூட்டினினில் இரண்டே அமினோ அமிலங்களைப் பறவை வகைக்குத் திருப்பியதும் ஃபெரெட்டுகளிடையே அதன் பரவல் நின்றது என்று 2007-இல் காட்டினார் டெரன்ஸ் டம்பி. ஃபெரெட் என்பது கீரி போன்ற நீண்ட உடல் கொண்ட சிறு விலங்கு. மனிதரைப் போலவே தும்முவதால் ஃப்ளூ ஆய்வுக்கூடங்களில் அதற்குத் தனி இடம்.

எச்5என்1 இதே வழியில் போக முடியுமா? இதைச் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2011-12-இல் உலகையே உலுக்கின. ரோட்டர்டாமில் ரான் ஃபூஷியே இந்தோனேசிய நோயாளி ஒருவரின் 2005-ஆம் ஆண்டு வைரஸை எடுத்தார். ஹீமக்ளூட்டினினில் இரண்டு, பிபி2-இல் 627 என்று மூன்று மாற்றங்களைத் தாமே புகுத்தினார். (அவருடைய கட்டுரையில் 222, 224 என்று இருப்பவை மற்றவர்கள் 226, 228 என்று எழுதும் அதே இடங்கள்தான். எச்3-க்கு ஓர் எண் வரிசை, எச்5-க்கு ஓர் எண் வரிசை என்று துறையினரே தடுமாறும் விஷயம். வெளியிலிருந்து படிப்பவர் பாடு இன்னும் மோசம்.) அந்த வைரஸ் காற்றில் பரவவில்லை. பிறகு அதை ஒரு ஃபெரெட்டின் மூக்கில் விட்டு, அதிலிருந்து எடுத்து இன்னொன்றின் மூக்கில் விட்டு, இப்படிப் பத்து முறை கடத்தினார். பத்தாவதின் முடிவில், அடுத்த கூண்டிலிருந்த ஃபெரெட்டுக்கு, தொடாமலே, காற்று வழியாகத் தொற்றியது. விஸ்கான்சினில் கவாவோகா வேறு பாதை எடுத்தார்: மாற்றிய எச்5 ஹீமக்ளூட்டினினை 2009 வைரஸின் மற்ற ஏழு துண்டுகளோடு சேர்த்தார். அவருடையதும் பரவியது. இந்த ஆய்வுகளை வெளியிடலாமா, செய்யவே செய்யலாமா என்ற சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது; ஆய்வாளர்களே ஓராண்டு வேலையை நிறுத்திவைத்தார்கள்.

சண்டையின் சத்தத்தில் பலர் கவனிக்கத் தவறியது, இரண்டு ஆய்வகங்களும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தன என்பதை. ஹீமக்ளூட்டினினில் மூன்று வகை வேலை நடக்க வேண்டியிருந்தது: பிடி மனித வகைக்குத் திரும்ப வேண்டும், பிடிக்கு அருகிலுள்ள ஒரு சர்க்கரை மூடாக்கு உதிர வேண்டும், புரதம் உறுதிப்பட வேண்டும். மூன்றாவதைப் பற்றிச் செய்தித்தாள்களில் பேச்சே இருக்காது. செல்லுக்குள் நுழைந்ததும் அங்குள்ள அமிலத்தன்மையால் ஹீமக்ளூட்டினின் விரிந்து தன் வேலையைச் செய்கிறது. பறவை வைரஸில் அது லேசான அமிலத்துக்கே விரிந்துவிடும். நம் மூக்கின் சளி சற்று அமிலத் தன்மை கொண்டது; வெளியேறும் துளியிலும் அது தாக்குப்பிடித்தாக வேண்டும். அகாலத்தில் விரிந்த ஹீமக்ளூட்டினின் பிறகு எதற்கும் உதவாது. இதில் கவாவோகாவின் குழு கண்ட ஒரு முடிச்சு என் வாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. மனிதப் பிடியைத் தந்த 224, 226 மாற்றங்கள் புரதத்தின் உறுதியைக் குலைத்தன. 318-இல் வந்த இன்னொரு மாற்றம்தான் அதைத் தூக்கி நிறுத்தியது. அதாவது 226 மட்டும் தனியே வந்தால் வைரஸுக்கு ஒரு கையில் லாபம், மறு கையில் நட்டம். ஒரு மாற்றத்தின் மதிப்பு கூட வரும் மாற்றங்களைப் பொறுத்தது. பட்டியலைக் கூட்டிக் கணக்குப் போட முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஆய்வகத்துக்கு வெளியே இதை நிரூபித்தது சீனாவின் எச்7என்9. 2013 மார்ச் 31-இல் அறிவிக்கப்பட்ட அந்த வைரஸைப் பார்த்து நிபுணர்கள் அதிர்ந்ததில் வியப்பில்லை. 226-இல் லூசின் ஏற்கெனவே இருந்தது. நோயாளிகளிடம் கிடைத்தவற்றில் பெரும்பாலும் 627 லைசினும் இருந்தது. பட்டியலின் முதல் இரண்டு வரிகளும் நிறைவேறிவிட்டன. ஐந்து அலைகளில் 1,568 பேரைத் தொற்றி 616 பேரைக் கொன்றது. ஐந்தாவது அலையில் மட்டும் 750-க்கும் மேற்பட்டோர். இருந்தும் மனிதத் தொடர் உருவாகவே இல்லை. மனித ஏற்பியோடு கொஞ்சம் ஒட்டக் கற்றுக்கொண்டாலும் பறவை ஏற்பியை அது விடவில்லை. புரதத்தின் உறுதியும் போதவில்லை. கடைசியில் அதை முடக்கியது 2017 இலையுதிர்காலத்தில் கோழிகளுக்குப் போட்ட தடுப்பூசி. அதன் பிறகு மனித நோயாளிகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள்.

நம் உடலின் உள்காவலையும் வைரஸ் தாண்டியாக வேண்டும். எம்எக்ஸ்ஏ, பிடிஎன்3ஏ3 என்று இரண்டு காவல் புரதங்கள். இரண்டும் வைரஸின் என்.பி. புரதத்தைக் குறிவைப்பவை. பிடிஎன்3ஏ3-ஐத் தப்ப என்.பி.யில் 313 அல்லது 52-ஆம் இடம் மாற வேண்டும் என்று கிளாஸ்கோ குழு 2023-இல் காட்டியது. இதற்கு மேல் இங்கே தேவையில்லை. பட்டியல் ஒரே புரதத்தோடு முடிவதில்லை என்பது தெரிந்தால் போதும்.

எச்7என்9 பட்டியலை ஒரு பக்கம் பொய்யாக்கியது என்றால், மாடுகள் மறுபக்கம் பொய்யாக்கின. 2024 மார்ச் 25-இல் அமெரிக்க வேளாண் துறை மாடுகளில் எச்5என்1 இருப்பதை உறுதிசெய்தது. மாட்டுக்கு இந்த ஃப்ளூ வரும் என்று யாரும் காத்திருக்கவில்லை. ஒரே ஒரு முறை பறவையிலிருந்து தாவிய வைரஸ், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகளுக்குப் பரவியது. அதன் ஹீமக்ளூட்டினின் இன்றும் பறவைப் பிடிதான். காற்றில் பரவும் திறனை அது கற்கவில்லை, கற்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மடியில் பறவை வகை ஏற்பி ஏராளம். கறவை எந்திரத்தின் குழல் ஒரு மாட்டின் காம்பிலிருந்து அடுத்த மாட்டின் காம்புக்குப் போகிறது. வைரஸ் நிறைந்த பாலும் கூடவே போகிறது. மாட்டின் ஏ.என்.பி.32ஏ-க்கு ஏற்ப பிபி2-இல் 631 மட்டும் மாறியது. 2023 வாக்கில் யாராவது “பாலூட்டியிடையே பரவ எச்5என்1-க்கு என்னென்ன மாற்றம் தேவை” என்று பட்டியலைக் கையில் வைத்துக் கணித்திருந்தால், இந்த வைரஸ் தேர்ச்சி பெற்றிருக்காது. பரவும் வழியை மனிதனே எந்திரமாகச் செய்து கொடுத்திருந்தான்.

அந்த மாட்டு வைரஸ் மனிதப் பிடிக்கு மாற எத்தனை மாற்றம் வேண்டும்? கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வகத்தினர் 2024 டிசம்பரில் சொன்ன விடை: 226-இல் ஒன்று போதும். முன்பு இருந்த எச்5 கிளைகளுக்குப் பல தேவைப்பட்டன. இது அலட்சியம் செய்யக்கூடிய செய்தியில்லை. ஆனால் அவர்கள் சோதித்தது தனிப் புரதத்தை. உயிருள்ள வைரஸை வைத்தல்ல. பிடி மாறியபின் உறுதி குலைகிறதா, பரவுகிறதா என்பவை அந்தச் சோதனைக்கு வெளியே நிற்கும் கேள்விகள். அதே பருவத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடுமையாக நோயுற்ற பதின்ம வயதுச் சிறுமியின் வைரஸில், 627 மாறியிருந்ததோடு, 226-உம் 190-உம் மாறிய நகல்களும் மாறாத நகல்களும் கலந்து கிடந்தன. லூயிசியானாவில் 2025 ஜனவரியில் இறந்த நோயாளியிடமும் இதே போன்ற கலவை. அந்தப் பகுதிப் பறவைகளில் இவை காணப்படாததால், நோயாளியின் உடலுக்குள் வைரஸ் பெருகியபோது தோன்றியவை என்றே கொள்ள வேண்டும். இரண்டு இடத்திலும் வைரஸ் அடுத்தவருக்குப் போகவில்லை. மாற்றம் பிறக்கும் இடம் எது என்பதை இந்த இரண்டு நோயாளிகளும் கண்முன் காட்டினார்கள்: நீண்ட நாள் நீடிக்கும் ஒற்றைத் தொற்று. ஆகவே தொற்றும் மனிதர்களின் எண்ணிக்கையும், ஒவ்வொருவரிடமும் அது தங்கும் நாள்களும்தான் வைரஸுக்குக் கிடைக்கும் வாய்ப்புகள்.

எழுத்து மாறாமலே வைரஸ் தாவும் வழியும் உண்டு. ஒரே செல்லை இரண்டு ஃப்ளூ வைரஸ்கள் தொற்றினால் எட்டுத் துண்டுகளும் கலைந்து புதிய சேர்க்கை பிறக்கும். 1957 வைரஸ் மூன்று துண்டுகளையும், 1968 வைரஸ் இரண்டு துண்டுகளையும் இப்படித்தான் பறவையிடமிருந்து வாங்கின. மற்றவை ஏற்கெனவே மனிதரிடையே பழகியவை. கம்போடியாவில் 2023-க்குப் பின் மனித நோயாளிகள் அதிகரித்ததன் பின்னணியிலும் இரண்டு எச்5என்1 கிளைகள் கலந்து பிறந்த வைரஸ் இருக்கிறது.

தாவியதை வரவேற்பவர் யார் என்பதும் ஒரு கேள்வி. 1968-க்கு முன் பிறந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் முதலில் சந்தித்தது எச்1 அல்லது எச்2. இவை எச்5-க்கு உறவு. பின் பிறந்தவர்களில் பலர் முதலில் சந்தித்தது எச்3. அது எச்7-க்கு உறவு. எச்5என்1 இளையவர்களையும் எச்7என்9 முதியவர்களையும் அதிகம் தாக்கியதற்கு இதுவே காரணம் என்று 2016-இல் வந்த ஆய்வு காட்டியது. 2009 வைரஸின் என்1 நம்மில் பலருக்கு அறிமுகமானது என்பதும் சிறிது தற்காப்பு தரலாம். 2003 முதல் உலகில் பதிவான 950-க்கும் மேற்பட்ட எச்5என்1 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருக்க, 2024-25-இல் அமெரிக்காவில் தொற்றிய 70 பேரில் பெரும்பாலோர் லேசாகத் தப்பியதற்கு, கண்வழித் தொற்று, வேறு கிளை, முன் எதிர்ப்பாற்றல் மூன்றும் சேர்ந்த காரணமாகவே எனக்குப் படுகிறது.

இந்தியாவின் கணக்கு சிறிது, ஆனால் லேசில்லை. 2021 ஜூலையில் ஹரியானாச் சிறுவன் ஒருவனும், 2025 மார்ச்சில் ஆந்திரக் குழந்தை ஒன்றும் எச்5என்1-இல் இறந்தார்கள். 2024 டிசம்பரில் நாக்பூரின் மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் செத்தன. குட்டநாட்டில் வாத்து செத்தால் வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகளுக்கு மருந்து தெளிக்கத் தொடங்குவோம், நாமக்கல்லில் முட்டை விலை ஆட்டம் காணும். கோழியைக் காப்பதில் நமக்குப் பழக்கம் உண்டு. கோழியைத் தாண்டிப் பூனை, பன்றி, பசு, பண்ணையாள் என்று தொடர்ந்து மாதிரி எடுத்து மரபணு வாசிக்கும் பழக்கம் அந்த அளவுக்கு வளரவில்லை.

வாசித்தாலும், வாசித்ததை எப்படிப் பகிர்கிறோம் என்பதில் பாதி இருக்கிறது. 2024 ஏப்ரலில் அமெரிக்க வேளாண் துறை மாட்டு வைரஸ்களின் மரபணு வரிசைகளை முதலில் வெளியிட்டபோது, எந்த மாநிலம், எந்தத் தேதி என்ற விவரத்தை விட்டுவிட்டது. எந்த மாற்றம் முதலில் வந்தது, எது எதன் வழியே வந்தது என்று சொல்ல முடியாமல் ஆய்வாளர்கள் புலம்பினார்கள். தாங்களே துணுக்குகளை ஒட்டவைத்து, தாவல் அறிவிப்புக்கு மாதங்களுக்கு முன்பே நடந்துவிட்டது என்று கணக்கிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடு தழுவிய பால் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அடுத்த மாதமே, நெவாடாவில் பல பண்ணைகளின் பால் சேரும் சேமிப்புக் கலன் ஒன்றின் மாதிரியில் வேறொரு கிளை எச்5என்1 அகப்பட்டது. பறவையிலிருந்து மாட்டுக்கு இரண்டாவது தாவல். அதன் பிபி2-இல் 701-ஆம் இடம் மாறியிருந்தது. கனடாச் சிறுமியையும் லூயிசியானா நோயாளியையும் தொற்றிய அதே கிளை. முதல் தாவலைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆயின. இரண்டாவது, மாடுகளில் நோய் கவனிக்கப்படும் முன்பே பாலில் தெரிந்துவிட்டது.